பாப் நிலவில் இறங்குவது எப்படி: கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் ஆடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விண்கலம் கட்டிப் பறக்கவிடும் கணினி ஆட்டமான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் ஜூல் கோளுக்குப் போய்வந்தவர்கள் அதன் நிலவான லேத்தின் கடலைப் பற்றிப் பேசுவார்கள். டைலோ என்ற மற்றொரு நிலவில் இறங்க முயன்று எரிபொருள் தீர்ந்த கதையைச் சொல்வார்கள். பாப் பற்றிப் பேச்சே வராது. பழுப்பு நிறத்தில், கையால் பிசைந்து எறிந்த களிமண் உருண்டை போல இருக்கும் அந்தச் சிறு நிலவை ஒரு முறை பார்த்துவிட்டு எல்லோரும் கடந்துபோய்விடுகிறார்கள். ஆரம் 65 கி.மீ. மட்டுமே. காற்று கிடையாது. தரையில் ஈர்ப்பு நொடிக்கு நொடி 0.589 மீட்டர், அதாவது ஆட்டத்தின் தாய்க்கோளான கெர்பினின் ஈர்ப்பில் 6 விழுக்காடு. கெர்பினின் சிறு நிலவான மின்மஸில் இறங்கத் தெரிந்தவருக்கு இதில் என்ன கடினம் என்று கேட்கத் தோன்றும்.

தரையில் பெரிய கடினம் இல்லை. கடினமெல்லாம் அதன் பாதையில் இருக்கிறது. லேத், வால், டைலோ மூன்றும் ஜூலின் நடுத்தளத்தில் வட்டமாக, ஒழுங்காகச் சுற்றுகின்றன. பாப்பின் பாதை 15 டிகிரி சாய்ந்தது, போதாக்குறைக்கு நீள்வட்டமும்கூட. ஜூலுக்கு மிக அருகில் வரும்போது 98,300 கி.மீ., மிகத் தொலைவில் 1,58,700 கி.மீ. நம் சூரியக் குடும்பத்தில் இப்படி ஒழுங்கற்ற பாதையில் சுற்றும் சிறு நிலவுகளை எங்கிருந்தோ வந்து கோளின் பிடியில் சிக்கியவை என்று கருதுகிறார்கள். சனியின் ஃபீபி அதற்கு நல்ல சான்று. சனி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் அது சுற்றுகிறது. 2004 ஜூன் 11 அன்று காசினி விண்கலம் ஏறக்குறைய 2,070 கி.மீ. தொலைவில் அதைக் கடந்துபோனது. பாப் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் ஒரு சலுகை உண்டு: அது எப்போதும் ஒரே முகத்தையே ஜூலுக்குக் காட்டுகிறது. ஃபீபி அப்படியல்ல, 9 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் தன்னைத்தானே சுற்றிவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் இறக்கத்தைவிடப் பாதைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சாய்வை எங்கே திருத்துகிறீர்கள் என்பதுதான் பயணத்தின் செலவைத் தீர்மானிக்கிறது. சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு: ஆட்டத்தில் பெரியாப்சிஸ் எனப்படுவதை அண்மைப்புள்ளி என்றும், அபோயாப்சிஸ் எனப்படுவதைச் சேய்மைப்புள்ளி என்றும் எழுதுகிறேன். டெல்டா-வி, அதாவது கலம் தன் எரிபொருளைக் கொண்டு மாற்றிக்கொள்ளக்கூடிய மொத்த வேகம், அப்படியே இருக்கட்டும்.

முதல் படி: கணக்கு, பிறகு கலம்

கெர்பினைச் சுற்றி 100 கி.மீ. உயரத்தில் நிற்கும் கலம் பாப் வரை போய்த் திரும்ப எவ்வளவு டெல்டா-வி வேண்டும் என்று முதலில் பார்ப்போம். கெர்பினை விட்டுக் கிளம்ப 1,930 மீ/நொடி. வழியில் திருத்தங்களுக்கு 60. ஜூலிடம் பிடிபட 190. சாய்வைத் திருத்தி அண்மைப்புள்ளியை உயர்த்த 200. பாப்பைச் சுற்றி வட்டப்பாதைக்கு வர 380. இறங்க 300, மீண்டும் ஏற 240. வீடு திரும்ப 1,500 வரை. கூட்டினால் 4,800. நான் 5,300 வைத்துக்கொண்டுதான் கிளம்புவேன். அந்த 500 என் கைப்பிழைகளுக்கு.

எந்த எஞ்சின்? பயணப் பகுதிக்கு அணு எஞ்சினான நெர்வ் சிறந்தது. வெற்றிடத்தில் அதன் ஒப்பு உந்தம், அதாவது எரிபொருள் சிக்கனத்தின் அளவு, 800 நொடி. சாதாரண எஞ்சினான டெரியரின் 345 நொடியோடு ஒப்பிட்டால் இரட்டிப்புக்கும் மேல். ஆனால் அதன் எடை 3 டன். சிறிய கலத்தில் அந்த எடையே ஆதாயத்தைத் தின்றுவிடும். ஒரே ஒரு கெர்பலை (ஆட்டத்தின் விண்வெளி வீரரை) ஏற்றிச்செல்லும் சிறு கலமானால் டெரியரும் சற்றுப் பெரிய தொட்டியும் போதும். அயனி எஞ்சினைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ஜூல் இருக்கும் தொலைவில் சூரிய ஒளி கெர்பினில் கிடைப்பதில் 4 விழுக்காடுதான். சூரியத் தகடுகள் அங்கே அலங்காரப் பொருள்கள். கலத்தின் மின்சாரத்துக்கே ஆர்டிஜி எனப்படும் அணு மின்கலம் ஒன்றிரண்டு தேவை.

இறங்கும் பகுதி குட்டையாக, அகலமாக இருக்கட்டும். பாப்பில் மின்மஸைப் போன்ற கண்ணாடிச் சமவெளிகள் இல்லை. எங்கே பார்த்தாலும் சரிவு. கால்களை முடிந்த அளவு வெளிப்புறம் பொருத்துங்கள். கலத்தை மெல்ல நகர்த்தும் ஆர்சிஎஸ் என்ற சிறு உந்திகளும், அவற்றின் எரிபொருளான மோனோபுரொப்பெல்லண்ட் கொஞ்சமும் கட்டாயம். ஏன் என்பது இறக்கத்தில் தெரியும். ஆளில்லாக் கலமானால் பின்னோக்கு திசையை (செல்லும் திசைக்கு நேர் எதிரானதை) தானே பிடித்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவியையும், பெரிய 88-88 ஆன்டெனாவையும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: கெர்பினை விட்டுக் கிளம்புதல்

ஜூல் தன் பாதையில் கெர்பினைவிடச் சுமார் 97 டிகிரி முன்னால் இருக்கும்போது கிளம்ப வேண்டும். அந்த வாய்ப்பு 467 கெர்பின் நாட்களுக்கு ஒரு முறை வரும். ஒரு கெர்பின் நாள் 6 மணி நேரம் என்பது நினைவிருக்கட்டும். பயணம் ஏறக்குறைய 1,100 நாட்கள். பாதி வழியில் சில மீ/நொடி திருத்தம் செய்தால் ஜூலின் அருகே எங்கே போய்ச் சேர்கிறோம் என்பதைத் துல்லியமாக்கலாம். இதுவரை மற்றக் கோள்களுக்குப் போவது போலத்தான்.

மூன்றாம் படி: ஜூலை எந்தப் பக்கம் நெருங்குவது

இங்கேதான் முதல் பெரிய தவறு நடக்கிறது. ஜூலின் ஈர்ப்பு எல்லைக்குள் நுழைவதற்கு முன்பே வரைபடத்தில் ஜூல் மீது பார்வையை வைத்து, வடக்கிலிருந்து பாருங்கள். உங்கள் பாதை ஜூலைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், நிலவுகள் சுற்றும் அதே திசையில். தவறான பக்கம் போனால் பாப்பை எதிரும் புதிருமாகச் சந்திப்பீர்கள். வேக வேறுபாடு 3,400 மீ/நொடியைத் தாண்டும். அதற்கு எந்தத் தொட்டியும் போதாது. எல்லைக்கு வெளியிலேயே பக்கவாட்டில் சிறிதாக ஓர் உந்தல் கொடுத்தால் பக்கம் மாறிவிடும்.

அண்மைப்புள்ளியை 210 கி.மீ. உயரத்தில் வையுங்கள். ஜூலின் வளிமண்டலம் 200 கி.மீ. வரை இருக்கிறது. காற்றில் உரசி வேகம் குறைக்கலாமே என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள்: அந்த இடத்தில் உங்கள் வேகம் 9,700 மீ/நொடி.

அவ்வளவு வேகத்தில் செலவழிக்கும் எரிபொருளுக்கு மதிப்பு அதிகம். அண்மைப்புள்ளியில் வெறும் 190 மீ/நொடி குறைத்தாலே நீங்கள் ஜூலின் பிடிக்குள் வந்து, சேய்மைப்புள்ளி 10 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கும். டைலோவுக்கு முன்புறமாகக் கடந்து அதன் ஈர்ப்பைக் கொண்டே வேகம் குறைக்கும் வழியும் உண்டு. அழகான வித்தைதான். ஆனால் அது மிச்சப்படுத்துவது இந்த 190-ஐத்தான்; முதல் பயணத்தில் அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து.

நான்காம் படி: தொலைவில் போய்த் திரும்புதல்

சேய்மைப்புள்ளியை ஏன் 10 லட்சம் கி.மீ. வரை கொண்டுபோக வேண்டும்? பாப் இருப்பது சராசரியாக 1,28,500 கி.மீ. தொலைவில்தானே, நேரே அங்கேயே நிறுத்தலாமே? பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். பிடிபட 380 செலவானது. பாப்பின் உயரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என் வேகம் 450, பாப்பின் வேகமோ 1,480. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட ஆயிரத்துச் சொச்சம். அதோடு சாய்வையும் திருத்த வேண்டியிருந்தது. பாப்பின் பாதையில் ஓடிக்கொண்டிருக்கும் கலத்தை 15 டிகிரி திருப்ப 387 மீ/நொடி ஆகும். அந்தக் கலம் இன்னும் ஜூலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, காலித் தொட்டியோடு.

தொலைவில் நிலைமையே வேறு. 10 லட்சம் கி.மீ. தொலைவில் கலம் நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒரு பந்தயக் காரின் வேகம், அவ்வளவுதான். அங்கே நின்று அண்மைப்புள்ளியை ஜூலின் மேகங்களுக்கு அருகிலிருந்து பாப்பின் பாதை வரை உயர்த்த 195 மீ/நொடி போதும். அதே உந்தலில் 15 டிகிரி சாய்வையும் சேர்த்துவிட்டால் மொத்தம் 198. சாய்வுக்குக் கொடுத்த விலை 3 மீட்டர்! மற்ற இடத்தில் 387 கேட்ட அதே திருப்பம்தான் இது.

செய்முறை: பாப்பை இலக்காகத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பாதையின் தளமும் அதன் பாதையின் தளமும் வெட்டும் இரண்டு கணுக்கள் வரைபடத்தில் தெரியும். அவற்றில் ஒன்று சேய்மைப்புள்ளிக்கு அருகில் இருந்தால் அங்கே உந்தலைத் திட்டமிட உதவும் மெனூவர் குறியை வைத்து, முன்னோக்கி இழுத்து அண்மைப்புள்ளியை உயர்த்துங்கள். பிறகு செங்குத்துத் திசையில் இழுத்துச் சாய்வை 0 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கணு தள்ளி இருந்தால் இரண்டு உந்தலாகப் பிரிக்க வேண்டும். அப்போதும் தொலைவில் இருக்கும் கணுவையே தேர்ந்தெடுங்கள். ஜூலை நெருங்கும்போதே பாதையை ஏறத்தாழ 15 டிகிரி சாய்த்து வைத்துக்கொள்வது இன்னொரு வழி. கோள் வெகு தொலைவில் இருக்கும்போது அதற்குச் சில மீட்டர்களே ஆகும்.

ஒரு தொல்லை மிச்சம் இருக்கிறது. பாப்பின் பாதைக்கு நீங்கள் வந்துசேரும்போது பாப் அங்கே இருக்க வேண்டுமே? அது ஜூலை ஒரு முறை சுற்ற 25 கெர்பின் நாட்கள் எடுக்கிறது. இதற்கு விடை ஜூலின் அருகே செய்த முதல் உந்தலில் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு மீ/நொடியைக் கூட்டிக் குறைத்தாலே உங்கள் சுற்றுக் காலம் ஏறக்குறைய 10 நாட்கள் மாறும். ஆக, உந்தல் முடியும் தறுவாயில் விசையைக் குறைத்து, அடுத்தடுத்த மெனூவர் குறிகளை முன்கூட்டியே வரைந்து பார்த்து, சந்திப்பு தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று மீட்டருக்குள் கிடைத்துவிடும். வழியில் லேத், வால், டைலோ ஆகியவற்றின் பாதைகளைக் கடப்பீர்கள். வேண்டாத சந்திப்பு ஏதும் வரைபடத்தில் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். டைலோ ஒரு முறை என் கலத்தை ஜூலை விட்டே வெளியே எறிந்திருக்கிறது.

போக 98 நாள், திரும்ப 116 நாள். ஆட்டத்தில் காலத்தை ஓட்டிவிடலாம் என்பதால் இந்தப் பொறுமைக்கு விலையே இல்லை. சேய்மைப்புள்ளியை 20 லட்சம் கி.மீ. வரை தள்ளினால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் நாட்கள் 570-ஐத் தாண்டும், சந்திப்பைக் குறிவைப்பதும் கடினமாகும். 10 லட்சம் எனக்குப் பிடித்த நடுவழி.

ஐந்தாம் படி: பாப்பின் பிடிக்குள்

பாப்பின் ஈர்ப்பு எல்லை 1,221 கி.மீ. ஆரம் கொண்டது. உங்கள் வேகம் அதைப் பொறுத்து 500 மீ/நொடி அளவில் இருக்கும். நுழைந்ததிலிருந்து அண்மைப்புள்ளிக்கு ஏறக்குறைய 40 நிமிடம். நுழைந்த உடனேயே அண்மைப்புள்ளியை 30 கி.மீ. உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். அதைவிடத் தாழ்வாக வேண்டாம். பாப்பின் மிக உயர்ந்த மலை 21 கி.மீ.க்கு மேல் எழுகிறது, 65 கி.மீ. ஆரமுள்ள உடலில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஒரு மலை. அண்மைப்புள்ளியில் 380 மீ/நொடி குறைத்தால் வட்டப்பாதை. அதில் வேகம் 162 மீ/நொடி மட்டுமே, ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். இங்கே எஃப்5 அழுத்தி ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: இறக்கம்

ஒன்றிரண்டு சுற்று சும்மா பாருங்கள். சூரியன் பக்கவாட்டில் விழும் இடங்களில் நிழல்கள் நீளமாக இருக்கும். சரிவு எங்கே, சமதளம் எங்கே என்பதை நிழலே சொல்லிவிடும். பள்ளத்தாக்குகளின் அடிப்பகுதியும் அகன்ற மலைமுகடுகளின் தலைப்பகுதியும் நல்லவை. இரவுப் பக்கத்தில் இறங்கினால் விடிய 75 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

முதல் தடவைக்கு எளிய வழியைச் சொல்கிறேன். இலக்குக்கு நேர் மேலே வரும்போது பக்கவாட்டு வேகம் முழுவதையும் கொன்றுவிட்டு, செங்குத்தாக விழுங்கள். கொஞ்சம் வீண்செலவுதான், ஆனால் மலையில் மோத வாய்ப்பில்லை. 30 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் பாதிகூட இல்லை. எனவே முதலில் கலம் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். 10 கி.மீ. உயரத்தில் இருக்கும் தரையை எட்ட ஏறக்குறைய ஆறு நிமிடம் பிடிக்கும். தடுக்காமல் விட்டால் கடைசியில் வேகம் 118 மீ/நொடி.

உயரமானியைத் தரையிலிருந்து அளக்கும் முறைக்கு மாற்றுங்கள். இதை மறந்து, 10 கி.மீ. இருக்கிறது என்று நம்பிக்கொண்டே தரையில் மோதியவர்கள் உண்டு. வேகக் காட்டி 'தரை' முறையில் இருக்கட்டும். எஞ்சின் வரம்பையும் குறையுங்கள்: 10 டன் கலம் இங்கே 5.9 கிலோநியூட்டன் எடைதான். டெரியரின் 60 கிலோநியூட்டன் அதற்குப் பத்து மடங்கு. விசையை லேசாகத் தொட்டாலே கலம் மேலே பாயும். வரம்பை 25 விழுக்காட்டில் வைத்தால் கைக்கு அடங்கும்.

என் கணக்கு இது: தரையிலிருந்து 5 கி.மீ. மேலே 60 மீ/நொடி, 1 கி.மீ.யில் 20, 100 மீட்டரில் 5, கடைசிப் பத்து மீட்டரில் 1. மெதுவாக இறங்கினால் எரிபொருள் வீணாகுமே என்று பதறத் தேவையில்லை; ஒரு நிமிடம் முழுக்க அந்தரத்தில் நின்றாலும் செலவு 35 மீ/நொடிதான். டைலோவில் இப்படி நின்றால் கதை வேறு.

வேகம் 3 மீட்டருக்குக் கீழே வந்ததும் கலத்தின் திசையைத் தானே பிடித்துவைக்கும் எஸ்ஏஎஸ்-ஸின் பின்னோக்குப் பிடியை எடுத்துவிட்டு, மேல்நோக்கு அல்லது சாதாரண நிலைநிறுத்தலுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் கலம் ஒரு நொடி மேலே எழும்போது பின்னோக்கு என்பது கீழ்நோக்காகிவிடும். எஸ்ஏஎஸ் விசுவாசமாகக் கலத்தைத் தலைகீழாகத் திருப்பும். பாப்பில் என் முதல் இறக்கம் அப்படித்தான் முடிந்தது. திரும்பிய கலம் சரிவில் விழுந்து, உருண்டு, மீண்டும் துள்ளி, வெகுநேரம் உருண்டுகொண்டே இருந்தது. வேடிக்கையாகத்தான் இருந்தது, எஞ்சின் உடையும் வரை.

துள்ளலும் அப்படித்தான். 3 மீ/நொடி வேகத்தில் கலம் மேலே துள்ளினால் 7 மீட்டருக்கு மேல் எழும்பி, 10 நொடி கழித்துத்தான் கீழே வரும், அதற்குள் சாய்ந்திருக்கும். ஆர்சிஎஸ் தேவை என்றது இதற்காகத்தான். கால்கள் தரையைத் தொட்டதும் எஞ்சினை அணைத்து, 'என்' விசையை அழுத்திப் பிடியுங்கள். ஆர்சிஎஸ் கலத்தைத் தரையோடு அழுத்தி வைக்கும். 2014 நவம்பர் 12 அன்று 67பி வால்நட்சத்திரத்தில் இறங்கிய ஃபைலி கலத்திலும் இதே நோக்கத்துக்காக மேலே ஓர் உந்தி இருந்தது. அது இயங்கவில்லை, தரையில் குத்தி நிறுத்தும் ஈட்டிகளும் பாயவில்லை. துள்ளிப்போன ஃபைலி கடைசியில் ஒரு பாறை நிழலில் போய்ச் சேர்ந்தது.

ஏழாம் படி: தரையில்

ஜூல் வானத்தில் ஒரே இடத்தில் அசையாமல் தொங்கும். கெர்பலை வெளியே இறக்குங்கள், கொடி நடுங்கள், மாதிரி எடுங்கள். பாப்பில் ஐந்து நிலப்பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் தனி அறிவியல் புள்ளிகள் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் கலத்தையே நகர்த்தத் தேவையில்லை. முதுகுப் பையில் இருக்கும் உந்தியைக் கொண்டே கெர்பல் இங்கிருந்து சுற்றுப்பாதைக்கே ஏறிவிட முடியும் என்பதால் பக்கத்துச் சரிவுக்குப் பறந்துவருவது பெரிய காரியமல்ல. உருவாக்கியவர்கள் இந்த நிலவில் செத்துக் கிடக்கும் ஒரு கிராக்கனை ஒளித்துவைத்திருக்கிறார்கள். இயற்பியல் கணக்கில் வந்த பிழைகளால் கலங்கள் காரணமின்றிப் பிய்ந்து சிதறியபோது ஆடுவோர் அந்தப் பிழைக்கு வைத்த பெயர்தான் கிராக்கன். அது எங்கே கிடக்கிறது என்று சொல்லி உங்கள் தேடலைக் கெடுக்க மாட்டேன்.

எட்டாம் படி: திரும்புதல்

ஏறுவது எளிது. பக்கத்து மலையைத் தாண்டும் வரை நேரே மேலே, பிறகு கிடையாகச் சாயுங்கள். எந்தத் திசை என்பது முக்கியமல்ல. பாப்பின் தரை சுழலும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர்கூட இல்லை.

கெர்பினுக்கான வாய்ப்பு வரும் வரை பாப்பைச் சுற்றியே காத்திருங்கள். ஜூலுக்கு அருகே தாழ்ந்துபோய் அங்கிருந்து உந்துவது லாபம் என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால், இறங்கிப்போவதற்கே ஏறக்குறைய 900 ஆகிவிடுகிறது, மேலே இன்னும் 380. தாழ்ந்த பாப் பாதையிலிருந்து நேரடியாகக் கிளம்பினால் நல்ல தருணத்தில் 1,110 அளவில் முடியும். பாப்பின் சாய்வு எப்போதும் நமக்கு ஒத்துழைக்காது, அதனால்தான் தொடக்கக் கணக்கில் 1,500 என்று எழுதினேன்.

கெர்பினின் வளிமண்டலத்தைத் தொடும்போது வேகம் 4,200 மீ/நொடியைத் தாண்டியிருக்கும். கெர்பினின் பெரிய நிலவான 'முன்'னிலிருந்து திரும்பும் வேகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அண்மைப்புள்ளியை 35 கி.மீ. அளவில் வைத்து, மற்ற எல்லாப் பகுதிகளையும் கழற்றிவிட்டு, வெப்பக் கவசமும் அறையும் பாராசூட்டும் மட்டுமாக நுழையுங்கள். பாப்பில் எடுத்த மாதிரிகளைக் கழற்றிவிடும் பகுதியிலேயே விட்டுவிடாமல் முன்பே அறைக்குள் எடுத்துவைத்துவிடுங்கள்.